நேராகக் கொடுத்த கரண்ட்

தருமபுரி டவுனில் உசேன் என்று பெயர் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். 'எர்த்து பாய்' என்று கேட்டால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து வழி காட்டுவார். முப்பது வருடமாக வயரிங் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எர்த்துக் குழி எங்கே என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் வேலையைத் தொட மாட்டார். இந்த மனிதர் பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் முதலில் எர்த்தைத்தான் பார்த்திருப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. இப்போது ஆறு நாளாகச் சோறு தொண்டையில் இறங்காமல் செய்வதும் அந்தப் பெருமைதான்.

அதியமான்கோட்டையில் மாதவராஜின் மனைவி கலைமதி கரண்ட் அடித்துச் செத்து ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பின்னறைக்கு வயரிங் செய்தவர் உசேன்.

மாதவராஜ் பெங்களூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன். பின்னறையில் குங்குமப்பூ வளர்க்கலாம் என்பது கலைமதியின் யோசனை. மண் வேண்டாம், வெயில் வேண்டாம், குளிரும் ஈரமும் வெளிச்சமும் இருந்தால் கிழங்கு தட்டிலேயே பூக்கும் என்று போனில் பார்த்து வைத்திருந்தாள். காஷ்மீரிலிருந்து கிழங்கும் வந்து இறங்கிவிட்டது. ஏசி, பனிபோல நீரைத் தூவும் மெஷின், பதினாறு பெரிய எல்இடி விளக்குகள். இத்தனையையும் ஒரு ட்யூப் லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்ட பழைய வயரில், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி ஓட்டுவதாகப் புருஷனும் பெண்டாட்டியும் திட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து உசேன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த ப்ளக்குல இஸ்திரிப் பொட்டி போட்டாலே வயரு சூடாவும். நீங்க ஒரு தொழிற்சாலையவே சொருவப் பாக்கறீங்க."

வேலையை அவர் குறை வைக்காமல் செய்தார். மீட்டர் பலகையிலிருந்து அறைக்குத் தனி லைன், தடித்த வயர். ஏசிக்கு ஒரு எம்சிபி, விளக்குகளுக்கு ஒன்று. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்துக் குழாய் இறக்கினார். தட்டுகள் அடுக்கும் இரும்பு ரேக்குகளையும் எர்த்தோடு கட்டினார். எல்லாவற்றுக்கும் முன்னால், வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரு ஆர்சிசிபி சுவிட்ச் வைத்தார். கலைமதி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டாள்.

"எம்சிபி வயரக் காப்பாத்தும்மா. ஆளக் காப்பாத்தறது இது. கரண்ட் கொஞ்சம் வழி மாறிப் போனாலும் பட்டுனு விழுந்துடும்."

அவள் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மொட்டு வைத்தது. அந்த நேரம் பார்த்து ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. ஒரே நாளில் மூன்று தடவை. விழுந்தால் ஏசி நிற்கும், அறை சூடாகும், மொட்டு தலையைத் தொங்கப் போடும். உசேன் வந்து பார்த்தார். ஏதோ ஒரு விளக்கில் ஈரம் இறங்கிக் கரண்ட் கசிகிறது. எது என்று கண்டுபிடிக்கப் பதினாறையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே கலைமதி கையைப் பிசைந்துகொண்டு எதிரில் நின்றாள்.

"அண்ணா, எப்படியாவது ஓட வெச்சுக் குடுங்க. ஆறு மாசமா இதயே புள்ள மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன்."

முப்பது வருடத்தில் செய்யாத ஒன்றை அன்றைக்கு உசேன் செய்தார். ஆர்சிசிபிக்கு வரும் வயரையும் அங்கிருந்து போகும் வயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்து முறுக்கினார். சுவிட்ச் சும்மா பேருக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. "டைரக்டா குடுத்திருக்கேன்மா. ரெண்டு நாள்ல வந்து சரி பண்றேன். ஈரக் கையோட லைட்டத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான்காம் நாள் காலை, ஒரு விளக்கை உயர்த்திக் கட்டப் போன கலைமதி ஒரு கையால் இரும்பு ரேக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விளக்கின் வயரைப் பிடித்தாள்.

மாதவராஜ்தான் மெயினை இறக்கினான். அதன் பிறகு யாரும் பலகையைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவும் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் குற்றவாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்டுவிட்டான். அந்த விளக்கின் வயர் எட்டவில்லை என்று ஒரு துண்டு சேர்த்து டேப் சுற்றியவன் மாதவராஜ். "நான் சுத்துன டேப்பு, நான்தான் கொன்னேன்" என்று அவன் பிணத்தின் காலைப் பிடித்துக் கதறியதை ஊரே கேட்டது. கலைமதியின் தம்பி குருவும் கேட்டான். அன்றைக்கே அவன் சொல்லிவிட்டான், அக்கா மகள் பூவிழியை இனி இந்த வீட்டில் விட மாட்டேன் என்று. பத்து வயதுப் பிள்ளை. மாதவராஜ் மறுக்கவில்லை. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று நம்பினான்.

கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்ற உசேனும் அதைக் கேட்டார், வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் மாதவராஜ் போன் செய்தான். "பாய், வூட்ல இன்னும் கரண்ட் இல்ல. மெயின ஏத்த எல்லாரும் பயப்படறாங்க. நீங்க வந்து பாத்துக் குடுங்க. மத்தியானம் பாப்பாவ குரு கூட்டிட்டுப் போறான். அதுக்குள்ள கொஞ்ச நேரம் ஃபேனு காத்துல உக்காரட்டும்."

உசேன் டூல் பையை எடுத்துவிட்டு எடுத்த இடத்திலேயே நின்றார். மனைவி ஜுபைதாவுக்கு விஷயம் முழுவதும் தெரியும். முதல் நாளே அவளிடம் சொல்லி அழுதிருந்தார்.

"நீங்க போய் வயர மாட்டிட்டு வந்துடுங்க. ஆருக்குத் தெரியும்?" என்றாள் அவள். "நீங்க போன் பண்ணி இன்னிக்கி வர்றேன்னு சொன்னீங்க இல்ல? அந்தப் பொண்ணுதான வேணாம்னுச்சு."

அது உண்மை. டைரக்டாகக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அவர் போன் செய்தார். "அண்ணா, அஷ்டமி முடியட்டும். மொதப் பூவப் பைரவருக்குக் குடுக்கறதா வேண்டியிருக்கேன். இப்ப ஏசிய நிறுத்துனா பூவெல்லாம் சாஞ்சிடும்" என்றாள் கலைமதி. சரிம்மா என்று சொல்லி அவரும் வைத்துவிட்டார். உள்ளதைச் சொன்னால், வேலை ஒரு நாள் தள்ளிப்போனதில் அவருக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. இந்த ஆறு நாளும் அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பிடியும் நிற்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும், எர்த்து பாய் ஓட்டலாம் என்றால் ஓட்டலாம் என்று நினைத்திருப்பாள்.

"வேணாம்னு சொன்னது அந்தப் பொண்ணு. வேணும்னு நிக்க வேண்டியது நானு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டு முன்னால் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பூவிழியின் ஸ்கூல் பையும் ஒரு துணிப் பையும் வாசலில் தயாராக இருந்தன. மாதவராஜ் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். அறை புழுங்கியது. தட்டுத் தட்டாக ஊதாப் பூக்கள் வாடி, தட்டோடு ஒட்டிக் கிடந்தன. மூலையில் கழற்றி வைத்திருந்த விளக்கை அவன் எடுத்துக் காட்டினான்.

"இதுதான் பாய். டேப்ப இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாம். சோம்பல். ரெண்டு சுத்து."

உசேன் பலகைக்குப் போனார். மூடியைத் திறந்தார். அவர் முறுக்கிய வயர் அப்படியே இருந்தது. மாதவராஜ் முதுகுக்குப் பின்னால்தான் நின்றான். ஆனால் அவனுக்கு வயரைப் பார்த்து ஒன்றும் புரியப்போவதில்லை. இரண்டு நிமிடம் போதும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகவும் செய்தார். அப்போது வாசலில் குரு பூவிழியிடம் செருப்பைப் போடச் சொல்வது கேட்டது. அவர் கை அதற்கு மேல் ஓடவில்லை.

"குருவ இங்க வரச் சொல்லு தம்பி. ரெண்டு பேரும் இதப் பாருங்க."

குரு வந்தான். உசேன் விரலால் தொட்டுக் காட்டினார். குரல் உடையாமல் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இதுதான் ஆளக் காப்பாத்தற சுவிட்சு. அந்த டேப்புல ஈரம் பட்டுதுன்னு இது ஒரே நாள்ல மூணு தடவ விழுந்துச்சு. அது அதோட வேலயச் சரியாத்தான் செஞ்சுது. நான் வந்து அதோட வாய அடச்சிட்டுப் போயிட்டேன். ஜாயிண்ட்டு எந்த வூட்லயும் விடும், ஈரம் எந்த வூட்லயும் எறங்கும். அதுக்காகத்தான் இத வெக்கறது. இது இருந்திருந்தா அந்தப் பொண்ணு செத்திருக்காது. மாதவராஜு கொல்லல. நான் பண்ணுனது."

குரு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். உசேன் தடுக்கவில்லை. அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது அவருக்கு.

"ரெண்டு நாள்ல வர்றேன்னீங்களாமே. அக்கா எங்கிட்ட போன்ல சொல்லுச்சு. ஏன் வரல?"

உசேன் வாய் வரை வந்துவிட்டது. அஷ்டமி, பைரவர், முதல் பூ. சொன்னால் பாதி பாரம் இறங்கும். மாதவராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செத்தவள் தானே தேடிக்கொண்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும், அதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பிள்ளை வளரும்.

"மறந்துட்டேன்" என்றார்.

"மறந்துட்டீங்களா?"

"ஆமாப்பா. மண்டப வேலயில மறந்துட்டேன்."

குருவின் கை தளர்ந்தது. மச்சானைத் திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை. வெளியே போய் வாசலில் இருந்த இரண்டு பைகளையும் எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்தான். "பாப்பா செருப்ப எங்க வெக்கறது" என்று யாரிடமோ கேட்டான். பிறகு பந்தலுக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

மாதவராஜ் திட்டவில்லை. "அத மாட்டுங்க பாய்" என்றான்.

உசேன் மாட்டினார். விளக்குகளின் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு மெயினை ஏற்றினார். முன் அறையில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஆர்சிசிபியில் சரிபார்ப்பதற்கு என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினார். டக் என்று விழுந்தது. ஃபேன் நின்றது.

"எவ்ளோ நேரமாவும்?"

"நேரமே ஆவாது. கண்ணு சிமிட்டறதுக்குள்ள விழுந்துடும்."

"அன்னிக்கி இது விழுந்திருந்தா?"

உசேனுக்குக் கண் மறைத்தது. "கைய ஒதறியிருக்கும் தம்பி. கொஞ்ச நேரம் படபடன்னு இருந்திருக்கும். உன்ன நாலு திட்டு திட்டிட்டு எனக்குப் போன் போட்டிருக்கும்."

மாதவராஜ் சுவிட்சை ஏற்றினான். ஃபேன் சுற்றியது. அவனே பட்டனை அழுத்தினான். டக். மறுபடி ஏற்றி மறுபடி அழுத்தினான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருக்க, நிறுத்தாமல் ஏற்றி ஏற்றி அழுத்தினான். உசேன் அவன் கையைப் பிடிக்க வரும்போதெல்லாம் தட்டிவிட்டான்.

முன் அறையிலிருந்து பூவிழி கூப்பிட்டாள். "அப்பா, கரண்ட் வந்து வந்து போவுது. ஃபேன விடுங்கப்பா, வேக்குது."

அவன் கை பட்டன் மேலேயே இருந்தது. பிறகு சுவிட்சை ஏற்றிவிட்டுக் கையை எடுத்தான்.