வேலிக்குள் ஒரு பேர் குறைகிறது

இருபது வருஷம் கொழுந்து கிள்ளிய வீராயியை, வயசாகிவிட்டதென்று வேலைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். மூச்சிரைப்புக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கினாள். மறுநாள் காலையில் பில் வந்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி படித்துச் சொன்னார். "வேலை செய்றவங்களுக்குத்தான் மருந்து சும்மா. உம் பேருதான் இல்லையே. காசு கட்டணும்லா."

"பேரு இல்லியா? சரிங்க."

காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த காலம் அது. மாலையில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணிக்கை சரியானால்தான் கேட்டைப் பூட்டுவார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் தோட்டத்துத் துரை பட்டாளத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வீராயி!"

முன்வரிசையில் நின்றவள் வாயே திறக்கவில்லை. கிராணி மூன்று தடவை கூப்பிட்டார். காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான்.

"கண்ணு முன்னால நிக்கிறியே, பதில் சொல்லேன்!"

"காலையில இல்லாத பேரு சாயங்காலம் எங்கேருந்து வந்துச்சு? அடைச்சு வைக்க மட்டும் நான் வேணும், மருந்துக்கு வேணாமா? ரெண்டுலயும் பேரை எழுதுங்க, இல்ல ரெண்டுலயும் அடிச்சு விட்டுடுங்க."

பிறகு அந்தப் பில்லைத் திறந்திருந்த கேட்டுக்கு நடுவில் விரித்து, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பூட்டுங்க, பார்ப்போம்."