எட்டாவது ஆள்

"நான் பொறந்தப்ப எங்கப்பா பாக்கவே வரல. அம்மாவோட சண்டையாம்," என்று அத்தை இன்றும் குறைப்படுவார். அந்த மாதம் அவருடைய தாய்மாமன் வீட்டில் எடுத்த படத்தில், கைக்குழந்தையான அத்தையோடு சேர்த்து எட்டுப் பேர். ஓரத்தில் நின்றவரின் முகம் தெளிவில்லை. வேலையாள் என்றே நினைத்திருந்தோம்.

அதே மாதத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகல் இன்று வந்தது. வீட்டில் தங்கியிருந்தவர்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறித்தேன். ஏழு பேர் சரி. கடைசி வரியில், 'சகோதரியின் கணவர், வயது இருபத்தாறு, தச்சர்.'

"வேலையாள் இல்ல அத்தை. உங்கப்பாதான், எங்க தாத்தா!"

"போடி! அப்புறம் ஏன் மூஞ்சி தெரியல?"

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். எல்லோரும் கேமராவைப் பார்க்க, தாத்தா மட்டும் படம் எடுக்கும்போதே குழந்தையின் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஒரு நிமிஷம் அசையாம நிக்கத் தெரியுதா இந்த மனுஷனுக்கு!" என்று அத்தை தன் அப்பாவை முதன்முறையாகச் செல்லமாகத் திட்டினார்.