மஞ்சள் விரலில் எடுத்த இரத்தம்

தன் உடம்பைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை மஞ்சள் மில் புஹாரிக்கு ஆகவே ஆகாது. காலையிலிருந்து நெஞ்சை இறுக்குகிறது, சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. அப்படியும் மனுஷன், "கேஸ்ட்ரைட்டிஸ்தான் புள்ள. ஒரு சோடா குடிச்சா சரி. தம்புள்ளைக்கு லொறிய எடுக்கணும்" என்று எழும்பப் பார்த்தார்.

நிஷ்மியா விடுவாளா? அவள் அவருடைய நானாவின், அதாவது அண்ணனின், மகள்; பலாபத்வலயில் லேப் வைத்திருப்பவள். இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் ஒரு புரதம் கசியும். அதைப் பற்றிக்கொண்டால் மட்டும் பச்சையாக ஒளிரும் மருந்தொன்றைப் பல்கலைக்கழகத்தில் அவளும் சேர்ந்து உருவாக்கியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று நின்றவர், மனைவி மஸீனா அழுததால் நிஷ்மியாவின் லேபில் படுத்து இரத்தம் கொடுக்க மட்டும் ஒத்துக்கொண்டார்.

விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைச் சுழற்றி, தெளிந்ததில் மருந்தைக் கலந்து, நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். ஒளிர்ந்தது.

"சாச்சா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

புஹாரி தன் விரலைப் பார்த்தார். நகக்கண் வரை மஞ்சள். அதைப் பெட்டிக்குள் நீட்டினார். அதுவும் பளபளவென்று ஒளிர்ந்தது!

"பாத்தியா! என்ட விரலுக்கும் ஹார்ட் அட்டாக்கா?"

அழுதுகொண்டிருந்த மஸீனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிஷ்மியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. மஞ்சள் அரைக்கும் வீட்டில் வளர்ந்தவள், இந்த விளக்கில் மஞ்சள் ஒளிரும் என்பதை மறக்கலாமா? வெட்கம்தான். ஆனால் அவள் பின்வாங்கவில்லை. மருந்தில் பிழையில்லை, குத்திய இடம்தான் பிழை. வெளியே போய்ப் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"விரல் வேணாம். கைய மடிச்சு விடுங்க."

முழங்கை மடிப்பைத் துப்புரவாகத் துடைத்து, நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தாள். தன் கையிலும் குத்தி எடுத்தாள். இரண்டையும் முன்போலவே சுழற்றி, மருந்து கலந்து, குழாய்களைப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது, அது உங்களோடது. நீங்களே பாருங்க சாச்சா."

அவளுடையது இருண்டு கிடந்தது. அவருடையது ஒளிர்ந்தது. புஹாரி பெட்டியை மூடினார். திறந்து மறுபடியும் பார்த்தார்.

"மஞ்சள் இல்லியா புள்ள?"

"இல்ல சாச்சா."

அவர் லொறிச் சாவியை எடுத்து மஸீனாவிடம் கொடுத்தார். பிறகு, யாரிடமும் எதையும் கேட்டறியாத அந்த மனுஷன் மெல்லக் கேட்டார்: "நான் நடக்கலாமா, இல்லாட்டி இப்படியே கெடக்கவா?"

"அசையவே வேணாம்" என்றாள் நிஷ்மியா.

வாசலில் அம்பியூலன்ஸ் வந்து நின்றது. இரண்டாவது முறை ஊசியை எடுக்க முன்னரே அவள் அதைக் கூப்பிட்டிருந்தாள்.