ஒன்றும் நடக்காத இடம்

சிறுகோள் ஒன்று நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போகும்போது அதன் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் நிற்பவருக்கு நட்சத்திரம் சில விநாடி அணையும். வெளியே நிற்பவருக்கு அணையாது. நிழலின் விளிம்பு தெரிய வேண்டுமானால் வெளியேயும் ஒருவர் நிற்க வேண்டும். எங்கள் வானியல் சங்கத்தில் அந்த ஒருவர் நான்.

"நீதான் பொறுமைசாலி, மாஹிர்," என்பார் தலைவர் கஸ்ஸான். பல் டாக்டர். ஆறு வருடமாக ஒரு நட்சத்திரம்கூட அணைவதை நான் பார்த்ததில்லை.

இந்த முறை எனக்கு ஜோர்டானின் கிழக்கே, ருவைஷித் சாலைக்கு வடக்கே, கருங்கல் பாலையில் இடம். மற்ற நால்வரும் தெற்கே, பட்டைக்குள். பொழுது சாய்ந்ததும் தொலைநோக்கியை நிறுத்தினேன். எதிரே இருந்த பெதூயின் கூடாரத்திலிருந்து அதன் தலைவர் அபு மிஷாலும் அவருடைய இரண்டு தம்பிகளும் காபியோடு வந்தார்கள். விருந்தாளி கூடாரத்துக்கு வராவிட்டால் கூடாரம் அவனிடம் வரும்.

"இங்க என்ன நடக்கப் போகுது?" என்றார் அபு மிஷால்.

"ஒண்ணும் நடக்காதுங்க. அதைப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

"அம்மான் நகரத்துலேர்ந்தா?" என்றான் இளைய தம்பி. "அங்க நடக்காததெல்லாம் தீந்துபோச்சா?"

நேரம் நெருங்கியது. தொலைநோக்கியின் குமிழைத் திருக இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடிக்காத கோப்பையைக் கல்லின் மேல் வைத்தேன்.

மூவரும் கோப்பையையே பார்த்தார்கள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. இவர்கள் வழக்கத்தில் குடிக்காமல் கோப்பையை வைப்பவன் ஏதோ கேட்க வந்தவன். பெண் கேட்பவனும் கொலைக்கு மன்னிப்பு கேட்பவனும் அப்படித்தான் வைப்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்கள்.

அபு மிஷால் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்தார். "கேளு. பொண்ணா, ரத்தமா?"

"ஐயோ, இல்லைங்க. கை ஒழியலைன்னு வெச்சேன்."

"தம்பிங்க முன்னால என்னைச் சின்னவனாக்காதே. வெச்சுட்டே. கேளு."

"கேட்டுடுய்யா," என்றான் இளைய தம்பி. "போன வருஷம் ஒருத்தன் என் ஒட்டகத்தைக் கேட்டான். இவரு அதையும் குடுத்துட்டாரு."

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "இந்த நட்சத்திரம் ஒருதடவை இங்கயும் அணையணும்."

"எப்ப?"

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல."

"குடுத்தேன்," என்றார் அபு மிஷால்.

மூவரும் தள்ளிப்போய்த் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் கண்ணை வைத்தேன். நட்சத்திரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. கத்தியபடி நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தினேன். சுற்றியிருந்த நட்சத்திரங்களும் சேர்ந்தே அணைந்திருந்தன. அதை நான் பொருட்படுத்தவில்லை. கண் நனைந்துவிட்டது. சில விநாடியில் எல்லாம் திரும்பி வந்தன.

தலையை நிமிர்த்தினேன். தொலைநோக்கியின் வாய்க்கு நேரே ஒரு பாறையிலிருந்து அபு மிஷால் இறங்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்த ஒட்டக ரோம மேலங்கியை உதறித் தோளில் போட்டார்.

"போதுமா?"

போன் அடித்தது. கஸ்ஸான்.

"நாலு பேருக்கும் அணையலடா! நிழல் வடக்கால நகந்திருக்கணும். உன்கிட்டதான் வந்திருக்கணும். சொல்லு, அணைஞ்சுதா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாக நான் நிழலுக்குள் நின்றிருக்கலாம். இனி அதை யாராலும் சொல்ல முடியாது. அபு மிஷால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிகளும்தான்.

"அணைஞ்சுது," என்றேன்.

"அல்லாஹு அக்பர்! மறைச்சது எவ்வளவு பெரிசு?"

"ஆறடி இருக்கும்."

"என்னது?"

"ஒட்டக ரோமம்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

"என்னவாம் அவருக்கு?" என்றார் அபு மிஷால்.

"அவருக்கு அணையலையாம்."

அவர் ஆறிப்போன காபியை மண்ணில் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

"அவரையும் வந்து கோப்பையை வெக்கச் சொல்லு," என்றார்.