மீன் தொட்டிக்கு உறைமோர்

என் வீட்டுக்காரர் பிரகாசம் இருந்தவரை அவரை நான் திட்டாத நாளில்லை. அவர் போனபிறகு அந்தத் திட்டையெல்லாம் அவருடைய மீன்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. கூடத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறைய சிக்லிட் மீன்கள். மஞ்சளும் நீலமுமாகப் பார்க்க அழகுதான், குணம் மட்டும் ரவுடிக் குணம்.

"கூட்டம் கம்மியானா ஒண்ண ஒண்ணு அடிச்சே கொன்னுடும் மேரி. நெருக்கமா இருந்தா யார அடிக்கிறதுன்னு தெரியாம அடங்கிக் கெடக்கும்" என்பார். அப்படியே நம்ம குருசுக்குப்பம் தெருதான் என்பேன் நான்.

இருப்பதிலேயே பெரிய நீல மீனுக்கு மெசியே என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனுஷன், மீனைக்கூட ஐயா போட்டுத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியில் விரலை வைப்பார். மெசியே ஓடிவந்து முட்டும். "பாத்தியா, தேடியிருக்கான்!" நானும்தான் தேடினேன், என்னை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லையே என்று சண்டைக்கு நிற்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் சண்டையே.

தொட்டியின் தலையில் அவரே செய்துவைத்த ஃபில்டர் இருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, ஸ்பாஞ்சைத் திணித்து, ஒரு மோட்டாரை மாட்டியது. குடுகுடுவென்று ஒரே சத்தம். ஆனால் இந்த மீன்கள் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரித்து, குஞ்சையும் வாயிலேயே காப்பாற்றுகிற சாதி. பெருகாமல் என்ன செய்யும்? டப்பா திணறியது, தண்ணீர் மாற்றி மாற்றி எனக்கும் இடுப்பு விட்டுப்போனது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பெனிஷா, கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது புது ஃபில்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இட்லிக் குண்டான் அளவு இருக்கும். தொட்டிக்குக் கீழே வைத்து இரண்டு குழாய் விட வேண்டியது. "கேனிஸ்டர்மா. இத்தினி மீனுக்கு அப்பாவோட டப்பா தாங்காது."

காலாப்பட்டில் இருக்கும் வெற்றிவேல் என் வீட்டுக்காரருடைய மீன் கூட்டாளி. அவர் போனில் சொல்லச் சொல்ல இவள் மாட்டினாள். பழைய ஸ்பாஞ்சையும் புதுசுக்குள் போட வேண்டுமாம். "எடுத்து வைம்மா, வந்து போட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

எடுத்தேன். கன்னங்கரேலென்று சேறு. புதுப் பாத்திரத்தில் யாராவது இந்த அசிங்கத்தைப் போடுவார்களா? அன்று காலைதான் உப்பளம் கல்லறைக்குப் போய், மழையில் பாசி பிடித்துக் கிடந்த அவருடைய கல்லறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். வாளியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இதுவும் அவர் பொருள்தானே என்று அதில் ஊறவைத்து, கசக்கி, குழாயடியில் பலமுறை அலசி, புதுசுபோல் ஆக்கி, நானே உள்ளே வைத்து மூடியும் விட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி.

மறுநாள், திருநாளன்று மாலை கல்லறையில் பூப்போட்டோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். சாமியார் வந்து மந்திரித்தார். பக்கத்துக் கல்லறைகளில் எல்லோரும் அழுதார்கள். எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த வெள்ளைக் கல்லுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மீன்கள் அத்தனையும் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மெசியே மட்டும் அடியில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் விரலை வைத்தேன். வரவில்லை. அவருடைய விரலை அறிந்த உயிர், இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்?

பெனிஷா ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கழுவிட்டியாம்மா?"

வெற்றிவேலுக்குப் போன் போட்டோம். "அந்த அழுக்குல இருக்கிற உயிருதான்க்கா மீன் கழிவத் தின்னு தண்ணிய நல்லா வெக்கிது. உறை ஊத்தாம பால் தயிராவுமான்னு அண்ணன் கேப்பாரே?"

கேட்பார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார். நான் அதைத் தயிரைப் பற்றிய பேச்சு என்றல்லவா நினைத்திருந்தேன்!

இருட்டியபிறகு வெற்றிவேல் வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு தூக்கு வாளி. "விளக்கு வெச்சப்புறம் உறை குடுக்கக் கூடாதுன்னு வீட்ல பார்வதி மொறச்சா. மீனுக்கு அதெல்லாம் கெடையாதுன்னு வந்துட்டேன்." டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை எடுத்துத் தொட்டியில் பாதியை மாற்றினார். பிறகு வாளிக்குள் கைவிட்டுச் சேறு சொட்டும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்தார்.

"உங்க தொட்டிக்கு வேணாமா தம்பி?"

"பாதிதான் வெட்டியாந்தேன். நான் மொதமொதல்ல தொட்டி வெச்சப்ப அண்ணன் உங்க டப்பாலருந்து இப்படித்தான் பாதி வெட்டிக் குடுத்தாரு. அந்த உறைதான் இன்னிக்கும் ஓடுது. அவருத அவருக்கே கொண்டாந்துருக்கேன், அவ்ளோதான்க்கா."

ஸ்பாஞ்சைப் புது ஃபில்டருக்குள் வைத்து ஒரு பிழி பிழிந்தார். பழுப்பாகத் தண்ணீர் இறங்கியது. கல்லறையில் வராத அழுகை அதைப் பார்த்ததும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் கலங்கியதற்கு அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "காலையில தெளிஞ்சிடும்க்கா" என்றார் வெற்றிவேல்.

விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்குத்தான் போனேன். தண்ணீர் தெளிந்திருந்தது. விரலை வைத்தேன். மெசியே மூலையை விட்டு மெல்ல நகர்ந்து வந்து, கண்ணாடியில் ஒரு முட்டு முட்டியது.

"எங்கய்யா போயிட்ட ராத்திரியெல்லாம்? உசுரே போச்சு எனக்கு!" என்று திட்ட ஆரம்பித்தவள், பெனிஷா எழுந்து வருகிறவரைக்கும் நிறுத்தவில்லை.