வாத்தியாரை வெளியே நிறுத்தும் நாள்

எங்கள் வம்சத்தில் ஒரு கவிஞர் இருந்தார் என்றால் இந்த ஊரில் சிரிப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே இந்தக் கம்பர்லாந்து மலையில் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசத் தெரிந்தால் போதும். ஆம்ப்ரோஸ் தர்ட்டிலுக்கு இரண்டுமே பேச வராது. என் தாத்தாவைப் பெற்ற டார்கஸின் அப்பா அவர். விக்டோரியா மகாராணி காலத்தில், தெற்கே நார்ஃபோக் சமவெளியிலிருந்து ஸ்கார்த்வெய்ட் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தார். மனைவியைப் புதைத்த மண் காய்வதற்குள், சின்ன மகளையும் ஒரு பெட்டிக் கவிதையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த முதல் டிசம்பரிலேயே பேரைக் கெடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால், கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. பெஞ்சுகளை இழுத்து முட்டுக்கொடுக்கும் சத்தம். ஜன்னலில் பல்லிளிக்கும் முகங்கள். வாத்தியார் எத்தனை நாள் லீவு தருவார் என்று உள்ளேயிருந்து கூச்சல்.

இந்தப் பக்கத்தில் அது காலங்காலமான வழக்கம். வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகள் வாத்தியாரை வெளியே நிறுத்துவார்கள். அவர் குளிரில் நின்று கெஞ்ச வேண்டும், பேரம் பேச வேண்டும், தோற்றுப்போய் லீவு தர வேண்டும், பையிலிருந்து இஞ்சி ரொட்டியை எடுத்து நீட்ட வேண்டும். பிடிக்காத வாத்தியாரை யாரும் இப்படி நிறுத்துவதில்லை. இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று யாராவது சொல்லிவைப்பார்களா?

அவர் நேரே கொல்லர் ஃபியரனின் பட்டறைக்கு ஓடினார்.

"பசங்க கலகம் பண்றாங்க. வந்து கதவை உடைங்க."

ஃபியரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உடைக்கறதா? உள்ள முட்டுக்கொடுக்கறதே என் மூத்தவன் ஜான்ட்டிதான். போய் நில்லுங்க வாத்தியாரே. கொஞ்சம் கெஞ்சிப் பாருங்க, திறப்பாங்க."

"கெஞ்சறதா? நானா?"

அந்த 'நானா'தான் அவரைக் கெடுத்தது. விறகுக் கொட்டகையிலிருந்து கோடாலியை எடுத்துக் கதவைப் பிளந்தார். ஜான்ட்டியைக் கை வீங்கும்வரை பிரம்பால் அடித்தார். உள்ளே சிறுபிள்ளைகளோடு பெஞ்சு இழுத்துக்கொண்டிருந்த டார்கஸ், கோடாலியோடு நின்ற அப்பாவைப் பார்த்து அழுதாளாம். அந்த வருஷம் லீவு இல்லை. பலவந்தமாக உள்ளே வந்துவிட்டால் வாத்தியார் ஜெயித்தார் என்று கணக்கு. நல்ல ஜெயம்.

கதவைச் சரிபண்ண வந்த ஃபியரனிடம், பையனை அடித்ததற்கு வாத்தியார் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார்.

"அடிச்சதுக்கு என்னங்க, அடியாத மாடு படியாது," என்றார் ஃபியரன், ஆணியைப் பல்லில் கடித்தபடி. "ஆசையா விளையாடக் கூப்பிட்டாங்க. நீங்க கோடாலியோட வந்தீங்க. அதான்."

மிச்ச ஆணியை அடித்துவிட்டுப் போனார். ஊரும் அதை அத்தோடு விட்டுவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை, முட்டை கொண்டுவந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. தெருவில் பார்த்தால் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்கள். வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த டிசம்பரில் வாத்தியார் தயாராக இருந்தார். தன் கையாலேயே இஞ்சி ரொட்டி சுட்டு, பாதியைக் கருக்கி, மீதியைப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டுமென்றே தாமதமாகப் போனார். கதவு அகலத் திறந்திருந்தது. பிள்ளைகள் கைகட்டி எழுந்து நின்று "காலை வணக்கம், சார்" என்றார்கள். அந்த மரியாதைக்குப் பதில் கல்லால் அடித்திருக்கலாம்.

மனிதர் விடவில்லை. அவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுதினார். வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பித் திரும்பிவந்த கவிதைகளில் வானமும் மரணமும் பெரிய பெரிய வார்த்தைகளில் இருக்கும். இதில் அதெல்லாம் இல்லை. மனப்பாடப் பகுதி என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். தான் எழுதியது என்று சொல்லவில்லை.

கதவை அடைச்சோம், தாழும் போட்டோம்,
காத்துல நில்லுங்க வாத்தியாரே;
அடுப்பு எரியுது, நாற்காலி இருக்கு,
கேட்டதைக் குடுத்தா வரலாமே.

பிள்ளைகள் பிசகில்லாமல் ஒப்பித்தார்கள். டிசம்பர் வந்தது. கதவு திறந்தே இருந்தது. அதற்கடுத்த டிசம்பரிலும் அப்படியே. ஒவ்வொரு வருஷமும் அவர் ரொட்டிப் பையோடு போய், அதை மேஜைக்கடியில் வைத்துவிட்டு, பின்னக் கணக்கு நடத்தினார். சாயங்காலம் அப்பாவும் மகளும் அந்த ரொட்டியைத் தின்றார்கள்.

ஒருமுறை டார்கஸ் கேட்டாள்: "அப்பா, நாளைக்கு நான் பூட்டட்டுமா?"

"நீ மட்டும் பூட்டினா அது விளையாட்டு ஆகாதும்மா," என்றார் அவர்.

பிறகு குடிக்க ஆரம்பித்தார். குடிகாரக் கவிஞர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படி இல்லை. சாராய வாடையோடு அவர் வகுப்பில் உளறிக்கொண்டிருந்ததை, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஆய்வாளர் பார்த்துவிட்டார். டிசம்பரோடு வேலை போயிற்று. புது வாத்தியார் ஆஸ்க்யூ, அடுத்த பள்ளத்தாக்குக்காரர், சிரித்த முகம், கொஞ்சம் முன்னதாகவே வந்து பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஊரைவிட்டுப் போகும் காலையில், சுமைவண்டிக்காகத் தர்ட்டிலும் மகளும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். பனித்தூறல். பழக்கம் யாரை விட்டது, அவர் மடியில் ரொட்டிப் பை இருந்தது. அப்போது உள்ளே பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது. தாழ் விழுந்தது. ஆஸ்க்யூ கதவைத் தட்டிக்கொண்டு, "ஐயோ, குளிருதுடா, ஏழை வாத்தியாரைக் கொல்லாதீங்கடா," என்று நாடகமாடினார்.

உள்ளிருந்து பாட்டு வந்தது. கதவை அடைச்சோம், தாழும் போட்டோம். கடைசிவரை, ஒரு சொல் பிசகாமல், மொத்தப் பள்ளிக்கூடமும் தொண்டை கிழியப் பாடியது. 'நாற்காலி இருக்கு' என்ற இடத்தில் பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

டார்கஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்க்யூ சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தார். "விடமாட்டேங்கறாங்க சார். பாட்டு நல்லா இருக்கே, எங்க பக்கத்துல இது கிடையாது. யார் எழுதினது?"

டார்கஸ் வாயெடுத்தாள். அப்பா அவள் கையை இறுகப் பிடித்தார்.

"தெரியலைங்க," என்றார். "பழைய பாட்டா இருக்கும்." பிறகு மடியிலிருந்த பையை நீட்டினார். "வெறுங்கையோட போகாதீங்க. இதைக் காட்டினா திறப்பாங்க."

கதவு திறந்ததும் எழுந்த கூச்சல் வண்டி பாலத்தைத் தாண்டும்வரை கேட்டதாம். அங்கேதான் டார்கஸ் கேட்டாள்: "உங்க பாட்டுன்னு ஏம்பா சொல்லல?"

"சொன்னா பாடறதை நிறுத்திடுவாங்கம்மா."

டார்கஸ் பிற்பாடு இந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். அதனால்தான் நானும் இங்கே இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இன்றும் அந்த ஒரு நாள் டீச்சரை வெளியே நிறுத்திப் பாடுகிறார்கள். சுவரில் பாட்டை எழுதி, கீழே 'இயற்றியவர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.