மாசி பௌர்ணமி வரைக்கும்

எர்ணாவூர் கல்யாண மண்டபத்தில் காலை எட்டு மணியிலிருந்து பூவம்மா காத்திருந்தாள். பின்வரிசை முழுக்க அவளுடைய ஆட்கள், பத்து இருளர் குடும்பம். ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற ஜனம். ஆற்றின் குறுக்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீர் போகும் குழாயை மாற்றுவதா வேண்டாமா என்று அதிகாரிகள் கருத்துக் கேட்க வந்திருந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன குழாய்தான் தை மாதம் வெடித்து அவள் புருஷனைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் புகாரும் வாங்கவில்லை. இன்றைக்கு எழுதிக்கொண்டால்தான் அவன் செத்தது உண்மை.

ஒரு மணிக்கு மைக் அவள் கைக்கு வந்தது.

"நானும் அவரும் ஒண்ணாத்தான் எறங்கினோம் சார். இறால் போடற ஓலைப் பறிய வாயில கவ்விகினு தடவிகினு கீறோம்..."

"ஆமா," என்றது பின்வரிசை. ஒருத்தர் நடந்ததைச் சொன்னால் மற்றவர்கள் ஆமா போடுவது அவர்கள் வழக்கம்.

"மத்தவங்க பேசாதீங்க," என்றார் அதிகாரி.

"கொதிக்கிற சாம்பத் தண்ணி வந்துச்சு. பறியத் துப்பிட்டு என்னியக் கரைக்குத் தள்ளிவுட்டாரு. திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அவர் பேர் என்னம்மா?"

பூவம்மா மைக்கை வாயிலிருந்து விலக்கினாள். தண்ணீரில் போனவன் பேரை, மாசி பௌர்ணமிக்குக் கடற்கரையில் அவர்கள் குலசாமி கன்னியம்மா கூப்பிடும்வரை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் கரையேற மாட்டான்.

"பத்து நாளு பொறு சார். சாமி கூப்ட்டப்பறம் சொல்றேன்."

"ஆதார் கார்டு?"

"அவுரு இடுப்புலயே போச்சு."

"பேர் இல்லாம நான் என்னத்தம்மா எழுதறது?" அதிகாரி பின்வரிசையைப் பார்த்தார். கொழுந்தன் வேம்பு தலையைக் குனிந்துகொண்டான். "சரி, அடுத்து."

பௌர்ணமி விடியலில் மணல்மேல் வேம்புவுக்குச் சாமி வந்தது. "கன்னியப்பா, வூட்டுக்கு வாடா!" என்று கூப்பிட்டது. பூவம்மா நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். வரிக்கு வரி ஆமா விழுந்தது. அடக்கி வைத்த பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எல்லோரும் அழுதார்கள். ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அங்கிருந்து நேராக அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார்கள்.

"இப்ப எழுதிக்கோ சார். பேரு கன்னியப்பன்."

குமாஸ்தா ஃபைலைப் புரட்டிப் படித்தார். "உயிர்ச்சேதம் இல்லைன்னு அறிக்கை போயாச்சும்மா. குழாயும் அப்படியே இருக்கலாம்னு உத்தரவு வந்துடுச்சு."

"அட பேமானிங்களா!" என்றான் வேம்பு. குமாஸ்தா ஃபைலைக் கட்டினார்.

மறுநாள் ஆறு சாம்பல் படிந்து கிடந்தது. குழாயின் வெடிப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வீட்டில் அரிசி இல்லை. பூவம்மா கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

"பாத்து அண்ணி, சுடுதா?" என்று கேட்டான் வேம்பு.

வாயைத் திறக்க முடியவில்லை. ஆமா என்று தலையை மட்டும் ஆட்டினாள்.